எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் மறைந்த பெரியவர் ஒருவரின் பணியை எடுத்துரைப்பது வழக்கம். அந்த வழக்கத்திலிருந்து சற்று விலகி, இனி எழுதப்பட வேண்டிய ஒரு நாவலைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் வாசிப்பதற்கான நாவல். அந்த வயதின் காதலையும், அந்த வயதில் நேரும் இழப்பையும், அதன் பின்னால் வரும் நீண்ட துக்கத்தையும் சொல்லும் நாவல். கதை ஊவாவின் தோட்டங்களில் நடக்க வேண்டும். அப்படியொன்று என் கைக்கு இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை, ஏன் வந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

'பதினாறு வயதில் காதலா? படிக்கிற பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?' என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம். சாதாரண தரப் பரீட்சைக்கே உட்காராமல் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். காதல் என்ற பேச்சு காதில் விழுந்ததும் பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான். ஆனால் நாம் பேசாமல் இருக்கிறோம் என்பதற்காகப் பிள்ளைகள் காதலிக்காமல் இருப்பதில்லை. சனிக்கிழமை டியூசன் விட்டு பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும். யார் யாருக்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்பது கண்டக்டர்மாருக்குக் கூடத் தெரியும். தெரியாதது போல இருப்பவர்கள் நாம்தான். இப்படிப் பெரியவர்கள் பார்வையில் இல்லாமலே இருக்கும் காதல் ஒரு சாவில் முறிந்துபோனால், அழுவதற்கான உரிமையும் அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

நம் தோட்டங்களில் ஒரு வாலிபன் இறந்துவிட்டால் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எழவு வீட்டு இஸ்தோப்பிலிருந்து மேட்டு லயம், இஸ்டோர், பெரிய ரோடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள். சந்தியில் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்குகிறது. அதன் அடியில் குடும்பத்தினர், நண்பர்கள், விளையாட்டுக் கழகத்தினர் என்று வரிசையாகப் பெயர்கள். தப்பு முழங்குகிறது. அம்மாவும் அத்தைமாரும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். மாமன் முறைக்கு ஒரு கடமை, பங்காளிக்கு ஒரு கடமை, தண்ணீர்க் குடம் உடைப்பவனுக்கு ஒரு கடமை. கருமாதி வரைக்கும் யார் எப்போது வந்து அழ வேண்டும் என்பதற்குக் கூட ஒழுங்கு உண்டு. எத்தனையோ தலைமுறையின் அறிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஆனால் அவனோடு ஒரே வகுப்பில் படித்து, அவனை நேசித்த பெண் பிள்ளை எங்கே நிற்பாள்? வெள்ளைச் சீருடையில் வகுப்போடு வரிசையாக வந்து, பூ வைத்துவிட்டு, வரிசையோடு திரும்பிப் போவாள். கொஞ்சம் கூடுதலாக அழுதால் 'இவ ஏன் இப்பிடி அழுவுறா?' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். பதாகையில் அவள் பெயர் இருக்காது. கருமாதிக்கு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அம்மா, அப்பா, தம்பி, தங்கை, அப்பாயி எல்லோரும் அதற்குள்தான். தனியாக அழ ஒரு மூலை கிடையாது. பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

இந்த நிலையை ஆராய்ந்தவர் கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர். சமூகம் ஒப்புக்கொள்ளாத உறவில் ஏற்படும் இழப்புக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, அதனால் அந்தத் துயரம் ஆறாமல் உள்ளே தங்கிவிடுகிறது என்று 1989இல் வெளியான நூலில் அவர் விளக்கினார். சட்டப்படி மனைவி என்று சொல்ல முடியாதவள், பிரிந்துபோன கணவன், நண்பன், காதலி, இப்படிப் பலர் அவர் பட்டியலில் வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

காதலும் சாவும் துக்கமும் நம் மக்களுக்குப் புதிதா என்றால், இல்லை. ஆண்டுதோறும் அதைத்தான் நாம் ஆடி வந்திருக்கிறோம். மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் கம்பம் ஊன்றிக் காமன் கூத்துத் தொடங்குகிறதே, அந்தக் கதை என்ன? புதிதாகக் கல்யாணமான இளம் ஜோடி. தவத்தில் இருக்கும் சிவனைக் கலைத்துவிட்டு வா என்று மன்மதனைத் தேவர்கள் அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். அவன் போகிறான். நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். அதற்குப் பிறகு இரவு முழுவதும் ரதியின் அழுகை. ரதி வேஷம் கட்டுவது நம் தோட்டத்துப் பையன்தான். ஆனாலும் அவன் அழுது பாடும்போது கொழுந்து மலையில் நாளெல்லாம் நின்று களைத்து வந்த பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து கூட அழுவார்கள். அது யாருக்கான அழுகை என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததுதான் அந்தக் கூத்தின் பெருமை. சொந்தத் துக்கத்தை வெளியே சொல்ல முடியாதவளும் அன்று ரதியின் பெயரில் அழுதுகொள்ளலாம்.

அதில் இன்னொரு நுட்பம் உண்டு. இலாவணி என்ற வாதப் பாட்டில் இரண்டு கட்சி கட்டிப் பாடுவார்கள். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. கேள்விக்குப் பதில், பதிலுக்கு எதிர்க்கேள்வி என்று டேப் என்னும் தோற்கருவியை அடித்துக்கொண்டு விடியும்வரை வாதம் நடக்கும். இதைப் புராணத் தர்க்கம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. வேண்டிய ஒருவரை இழந்த எவருடைய நெஞ்சுக்குள்ளும் இந்த இரண்டு கட்சியும்தான் உட்கார்ந்து வாதாடுகின்றன. போய்விட்டான் என்கிறது ஒன்று. இல்லை, நாளைக் காலை பஸ் நிற்கும் இடத்தில் நிற்பான் என்கிறது மற்றது. முடிவில் சிவன் கொடுக்கும் வரம் என்ன? மன்மதன் உயிரோடு இருப்பான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். துக்கத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை. நம் நாவலாசிரியர்களுக்கு வேறு எங்கிருந்தும் வடிவம் கடன் வாங்க வேண்டியதில்லை. அது நம் கோயில் முன்றிலில் கம்பமாக நட்டே இருக்கிறது.

இந்த இரண்டு கட்சி வாதம் கூத்தில் இல்லாமல் உண்மையாகவே நடந்த இடமொன்று நமது பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29, புதன்கிழமை, காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிய வந்தது. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. தேடும் பணி நிறுத்தப்பட்டபோது பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உடலே இல்லாத சாவுக்கு எப்படி அழுவது? கொள்ளி வைக்க எதுவுமில்லை, குடம் உடைக்க இடமில்லை. எரிந்த கட்சிக்குச் சான்று இல்லாததால் எரியாத கட்சி வருடக்கணக்காகப் பாடிக்கொண்டே இருக்கும். பிழைத்த குடும்பங்கள் பழைய தேயிலை இஸ்டோர் கட்டடத்தில் காலம் தள்ளி, 2016 ஒக்டோபரில்தான் மகல்தெனியவில் கட்டிய 75 வீடுகளுக்குப் போனார்கள்.

அன்றைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் இருந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பனை இழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் அதே வகுப்பில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து படித்து, அந்த மண்ணுக்குள் போன ஒருவரை மனதில் வைத்திருந்த பிள்ளையைப் பற்றி யாரும் எழுதவில்லை. நிவாரணப் படிவத்தில் தகப்பன், தாய், சகோதரம் என்று கட்டங்கள் இருக்கும். அந்தப் பிள்ளையின் உறவுக்குக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தைப் போடக்கூடியது ஒரு நாவல்தான்.

தமிழுக்கு இது முதல் தடவையும் இல்லை. புறநானூற்றின் 112ஆவது பாட்டு பாரி மகளிர் பாடியது என்று சொல்லப்படுவது. தகப்பனையும் தங்கள் குன்றையும் சேர்த்தே இழந்த இரண்டு பெண் பிள்ளைகளின் பாட்டு அது. கபிலர் பாடிய கையறுநிலைப் பாட்டுகள் எத்தனையோ இருக்க, நம் மனதில் முதலில் வந்து நிற்பது ஐந்தே அடியில் அந்தப் பிள்ளைகள் பாடியதுதான். நம்முடைய தொகைநூலைத் தொகுத்தவர்களுக்கு, பெரியவர்களின் அழுகைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளின் அழுகைக்கும் ஓர் எண் கொடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மலையை இழந்த நம் பிள்ளைகளுக்கு அந்த மரியாதையை இன்றைய தமிழ் இன்னும் செய்யவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. மறுபடியும் வகுப்பறைகளில் சில இடங்கள் காலியாயின.

மலையக இலக்கியம் ஏன் இந்த வயதைக் கவனிக்கவில்லை? எழுத்தாளர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த மக்களின் இலக்கியம் அது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' என்ற தலைப்பே அவர்கள் முன்னால் இருந்த வேலையைச் சொல்லிவிடும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. அறுபதுகளில் வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் சிறுகதைப் போட்டிகள் நடத்தி, பரிசுக் கதைகளை 'கதைக்கனிகள்' என்று 1971இல் தொகுத்து வெளியிட்டபோது ஒரு தலைமுறையே எழுத வந்தது. சம்பளம், துரைத்தனம், கங்காணித்தனம், பிரஜாவுரிமை என்று தலைக்கு மேல் வெள்ளம் ஓடும்போது பதினாறு வயதுப் பிள்ளையின் மனம் பின்னுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. இளம் காதலர்கள் அக்கதைகளில் உண்டு. ஆனால் கங்காணியின் கொடுமையைக் காட்டவோ சாதியின் கொடுமையைக் காட்டவோ சாகடிக்கப்படுபவர்களாகத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அவர்கள் செத்த பிறகு கதை முடிந்துவிடும். எனக்கு வேண்டியது அதற்கு மறுநாள் காலையில் தொடங்கும் கதை.

அந்தத் தலைமுறையில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தெளிவத்தை ஜோசப் நம்மவர். 1934இல் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தாம் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தையே பெயராகச் சூடிக்கொண்டு, 2022 ஒக்டோபரில் மறைந்தவர். 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வந்தது. 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது பதுளையே பெருமைப்பட்டது. அவருடைய 'மீன்கள்' சிறுகதையை இங்கிருக்கும் ஆசிரியர்கள் படித்திருப்பீர்கள். வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் தாய் தகப்பன் இரவைக் கழிக்க நேரும் அவமானத்தை அதைவிடக் கூர்மையாக யாரும் எழுதியதில்லை. அந்தக் கதையின் வேதனை பெற்றவர்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. அதே காம்பராவின் மறு மூலையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குவது போலப் பாவனை செய்யும் அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து இன்னொரு கதை இருக்கிறது. ஜோசப் திறந்துவைத்த கதவு அது. உள்ளே போகிறவர்கள்தான் வேண்டும்.

சாவு இல்லாமலும் இழப்பு வந்திருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எழுபதுகளில் இந்தப் பதுளை ஸ்டேஷனிலிருந்து, 1924இல் வந்து சேர்ந்த இதே தண்டவாளத்தில், குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போனார்கள். அதை அழுகைக் கோச்சி என்றே நம் மக்கள் சொன்னார்கள். அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஒரு லயத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வந்த வீட்டுப் பையனும் அடுத்த லயத்தில் இலங்கைக்கு எழுதிக் கொடுத்த வீட்டுப் பெண்ணும் என்ன ஆனார்கள்? அவன் கோத்தகிரியிலோ கூடலூரிலோ மறுபடியும் தேயிலை மலையில் நின்றிருப்பான். அவள் இங்கேயே பேர் பதிந்து கொழுந்து பறித்திருப்பாள். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இருவருக்கும் கல்யாணம் நடந்து, பேரப்பிள்ளைகள் பிறந்து, வாழ்க்கை ஓடிவிட்டது. அவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அம்மாயியிடம், அப்பாயியிடம் உட்கார்ந்து கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். கோச்சி புறப்பட்ட நாளைச் சொல்லும்போது ஓர் இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள். அந்த இடத்தில் உங்கள் நாவல் இருக்கிறது.

வெளியுலகில் இப்படிப்பட்ட நூல்கள் எப்படி வந்தன என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன். கேத்தரின் பேட்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் சின்ன மகனுக்கு நெருங்கிய தோழியாக இருந்த சிறுமி 1974இல் மின்னல் தாக்கி இறந்தாள். அந்த மகனின் துக்கத்தைப் பார்த்துத் தாங்காமல் அவர் எழுதிய நாவல் 'டெராபிதியாவுக்கு ஒரு பாலம்', 1977இல் வெளிவந்தது. காட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு கற்பனை நாட்டைக் கட்டிக்கொள்ளும் ஒரு பையனும் பெண்ணும். அவன் ஊரில் இல்லாத ஒரு நாள் அவள் ஓடையில் விழுந்து இறந்துபோகிறாள். அன்றைக்கு அவளையும் கூட்டிப் போயிருக்கலாமே என்ற எண்ணம் அவனை அரிக்கிறது. அவள் சாகவில்லை என்று அவன் முதலில் அடித்துச் சொல்வதைப் படித்தபோது எனக்கு நம்முடைய எரியாத கட்சிதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் புத்தகத்தில் சாவா என்று பல அமெரிக்கப் பாடசாலைகளில் அந்த நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஆனாலும் பிள்ளைகள் அதை விடவில்லை. பெரியவர்களின் தடையை அந்த நாவல் தாண்டியதற்குக் காரணம், அழுகிற பிள்ளையை அது அவசரப்படுத்தவில்லை என்பதுதான்.

அடுத்தது நம் நாட்டுக்காரர். கொழும்பில் பிறந்து கனடாவுக்குப் போன ஷியாம் செல்வதுரை 2005இல் இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நடப்பது. அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன். தாயை இழந்தவன், வேறொரு குடும்பத்தின் அன்பில் வளர்பவன், தாயைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் வாயை மூடிக்கொள்பவன். கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன் நிரேஷின் மேல் அவனுக்குக் காதல் வருகிறது. அந்தக் காதலும் வெளியே சொல்ல முடியாதது, பழைய துக்கமும் வெளியே சொல்ல முடியாதது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே வருவதை செல்வதுரை மிகுந்த பொறுமையோடு காட்டுகிறார். தமிழில் இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரு மாணவியின் சாவை ஆசிரியையின் குற்றவுணர்வு வழியாகச் சொல்லி ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைக் கலங்க வைத்தது. அதுவும் பெரியவர் குரலில்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நாவல் எழுத உட்காருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மிக முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதல் தோற்றால் மருந்து குடிப்பது என்ற முடிவை நம் சினிமாவும் நம் கதைகளும் ஏதோ அழகான காரியம் போலக் காட்டிவிட்டன. கதையைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படிச் செய்துவிடுவார்களோ என்பது ஜெர்மனியில் கதே எழுதிய 'வெர்தர்' நாவல் காலத்திலிருந்தே உள்ள பயம். 1774இல் அது வெளிவந்ததும் இளைஞர்கள் நாயகனைப் போல உடுத்தினார்கள். அவனைப் போலச் சாகவும் துணிவார்கள் என்று அஞ்சி லைப்சிக் நகரம் மறு வருடமே அதைத் தடை செய்தது. நம் நாடு 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இதன் பொருளை நன்றாக யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் உண்மையில் சாக விரும்பியவர்கள் இல்லை. அந்த ஒரு வேளையில் கைக்கு எட்டும் தூரத்தில் போத்தல் இல்லாமல் இருந்திருந்தால், மறுநாள் எழுந்து தேத்தண்ணி குடித்திருப்பார்கள். ஆகவே நான் கேட்கும் நாவலில் துக்கப்படும் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். எப்படி இருந்தாள், எதைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்பதை எழுதுங்கள். இந்த மண்டபத்தில் இப்போது அப்படித் தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், ஒரு நல்ல மனிதரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத் தமிழில் பதினாறு வயதுப் பிள்ளை காதலைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணே, மச்சான், இவனே, அடியேய் என்று நீங்கள் பேசிக்கொள்கிற மாதிரியே எழுதுங்கள். போனில் சிங்களச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து அனுப்புகிறீர்களே, அதுவும் வரட்டும். பாத்திரங்கள் இருவரும் ஒரே சாதியாக, ஒரே மதமாக, ஒரே இனமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதுளையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

பெரியவர்களை வில்லன்கள் ஆக்கிவிடாதீர்கள் என்பது என் இன்னொரு வேண்டுகோள். விடிகாலை எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, பெரட்டுக்கு ஓடி, நிறுவைக்கு நின்று, இருட்டிய பின் வீடு வரும் அம்மாவுக்கு மகளின் முகத்தைப் பார்க்கக் கூட நேரம் கிடைப்பதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். மகள் சாப்பிடாமல் எழுந்து போனதைக் கண்டு, எதுவும் கேட்காமல், அடுத்த நாள் அவளுக்குப் பிடித்த கறியை வைப்பாள். அந்த அம்மாவும் ஒரு காலத்தில் கோச்சிக்குக் கையசைத்தவளாக இருக்கலாம். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியரை விட, பேசாமல் வந்து பக்கத்தில் உட்காரும் ஆளைக் கதையில் வையுங்கள்.

துக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடவும் வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால், அழுதுகொண்டிருக்கும் வாசகப் பிள்ளை தனக்கு மட்டும்தான் சரியாகவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பரீட்சை வரும், முடிவும் வரும். அவள் சிரிப்பாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வரும். வேறொருவரைப் பிடிக்கும், பிடித்ததற்காக வெட்கப்படுவாள். வருஷம் திரும்பியதும் அதே திகதியில் மறுபடியும் உடைந்து போவாள். இதையெல்லாம் ஒருவர் எழுதி வைத்திருந்தால், பசறையிலோ பூனாகலையிலோ ஒரு லயத்தில் இருக்கும் பிள்ளை, இது எனக்கு மட்டும் நடக்கவில்லை என்று அறிந்துகொள்ளும். இலக்கியம் அவளுக்குச் செய்யக்கூடிய உதவி அதுதான். அது சின்ன உதவி இல்லை.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷம் இந்தச் சொற்பொழிவை நிறுத்தி வைத்தாலும் பரவாயில்லை. அந்தப் பணத்தில் இளையோருக்கான ஒரு நாவலை அச்சிட்டு, ஊவாவில் உள்ள தமிழ்ப் பாடசாலை நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். தேர்வுக் குழுவில் பேராசிரியர்களோடு பதினைந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். அவர்கள் பாதியில் மூடி வைத்த பிரதியை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகளே, எழுதத் தொடங்குங்கள். எழுதியதை உங்கள் தமிழ் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்களே, அப்படி ஒரு கொப்பி உங்கள் கைக்கு வந்தால், பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன்னால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால், தயவுசெய்து ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள்.